அறுபது பக்கக் குறிப்பேடும் ஒரு வெற்றுத்தாளும்

நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் கதையை நடத்துபவராக, அதாவது கேம் மாஸ்டராக இருந்து நான் நடத்திய முதல் கேம்பெயின் (பல வாரம் தொடரும் ஆட்டம்) ஆறாவது செஷனோடு, அதாவது ஆறாவது தடவை கூடி ஆடியதோடு, நின்றுபோனது. எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. விலகிக்கொள்வதாக யாரும் சொல்லவும் இல்லை. ஒருவருக்கு அந்த வாரம் வேலை வந்தது, அடுத்த வாரம் இன்னொருவருக்கு உடல்நிலை சரியில்லை, அதற்கடுத்த வாரம் எப்போது கூடலாம் என்று நான் அனுப்பிய செய்திக்கு இரண்டு நாளாகியும் ஒருவரிடமிருந்தும் பதில் வரவில்லை. அந்த ஆட்டத்துக்காக மூன்று மாதம் உட்கார்ந்து அறுபது பக்கம் எழுதியிருந்தேன். ஒரு பேரரசின் நானூறு ஆண்டு வரலாறு, ஐந்து அரச குடும்பங்களின் வம்சாவளி, ஒரு வாரிசுரிமைப் போர், கடைசி அத்தியாயத்தில் வெளிப்பட வேண்டிய ஒரு துரோகம் என எல்லாம் அந்தக் குறிப்பேட்டில் இருந்தன. பல நாள் கழித்து ஆட்டக்காரர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உன் கதை நல்லா இருந்துச்சு. ஆனா அதுக்குள்ள நான் எங்க இருக்கேன்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியல."

அவர் சொன்னது உண்மை என்று அப்போதே தெரிந்தது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரிய ஏறத்தாழ ஓராண்டு ஆனது. அதே நால்வரோடு இரண்டாவது கேம்பெயினைத் தொடங்கியபோது, திட்டமிடும் வேலையிலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டேன். அதை எப்படிச் செய்தோம், எங்கே தடுமாறினோம் என்பதைப் புதிதாக ஆட்டம் நடத்த நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்குச் சில வரிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வெளியானதிலிருந்து இவ்வகை ஆட்டங்களின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தையும் அதில் உள்ள மற்ற மனிதர்களையும் பேசிக் காட்டுகிறார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருட்டப்படுகிறது. ஒரே பாத்திரங்களோடு பல வாரம் அல்லது பல மாதம் தொடரும் ஆட்டத்தைக் கேம்பெயின் என்கிறோம்; ஒரு தடவை கூடி ஆடுவது ஒரு செஷன். பாத்திரங்கள் பயணத்தைத் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் கூடி எதை ஆடப்போகிறோம் என்று பேசித் தீர்மானிக்கும் அமர்வுக்குச் செஷன் ஜீரோ என்று பெயர்.

எங்கள் இரண்டாவது முயற்சி செஷன் ஜீரோவுக்கும் இரண்டு வாரம் முன்பாகவே தொடங்கியது. முதலில் நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக "எந்த மாதிரி ஆட்டம் பிடிக்கும்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியால் பயன் எதுவும் இல்லை. "எல்லாமே பிடிக்கும், நீ எதை நடத்தினாலும் சரி" என்று நால்வரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள். நண்பர் சிரமப்பட்டு ஏற்பாடு செய்கிறார், அவர் மனம் கோணக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வரும் பதில் அது; அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பிறகு கேள்வியை மாற்றினேன். "நாம ஆடின ஆட்டத்துல இன்னும் உனக்கு ஞாபகம் இருக்கிற ஒரே ஒரு இடத்தைச் சொல்லு" என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் உண்மைகள் வந்தன.

ஒருவருக்கு நினைவிருந்தது, படகுக் கூலிக்காகப் படகோட்டியோடு இருபது நிமிடம் பேரம் பேசிய காட்சி. என் குறிப்பேட்டில் அந்தப் படகோட்டிக்குப் பெயர்கூட இல்லை. இன்னொருவருக்கு, துரத்தி வந்தவர்கள் கடப்பதற்குள் பாலத்தின் கயிறுகளை அறுக்க வேண்டுமென்று ஆட்டக்காரர்களே போட்ட திட்டம். மூன்றாமவர் தன் பாத்திரத்தின் தங்கையைப் பற்றி அவரே கற்பனை செய்து சொன்ன ஒரு வரியை நினைவுகூர்ந்தார். அந்தத் தங்கையை நான் ஆட்டத்தில் ஒருமுறைகூடக் கொண்டுவந்ததில்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. நான்காமவர் அதிகம் பேசாதவர். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "நல்ல இடம்னு எதுவும் டக்குனு வரல. சண்டை வந்தா என் முறை வர்றதுக்குள்ள தூக்கம் வந்துரும், அதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். நான்கு பதில்களிலும் என் பேரரசோ வாரிசுரிமைப் போரோ இல்லை. மனம் வலித்தது உண்மைதான். ஆனாலும் புதிய கேம்பெயினுக்குத் தேவையான தகவலில் பாதி அந்த நான்கு பதில்களிலேயே கிடைத்துவிட்டது.

அடுத்து, ஆடக்கூடிய மூன்று கருக்களை ஒவ்வொன்றும் இரண்டு வரிக்கு மிகாமல் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். இரண்டு வரி என்ற அளவை எனக்கு நானே விதித்துக்கொண்டேன்; அதற்கு மேல் எழுதினால் அதன்மேல் எனக்குப் பற்று வந்துவிடும், பற்று வந்தபின் மற்றவர்கள் வேண்டாம் என்பதைக் காது கொடுத்துக் கேட்க மாட்டேன். பெரும்பான்மை வாக்கு எடுக்காமல், மூன்றையும் விருப்ப வரிசையில் எழுதச் சொன்னேன். அறவே ஆட விரும்பாததை அடித்துவிடலாம் என்றும் சொன்னேன். இருவர் முதலிடம் கொடுத்த பேய்மாளிகைக் கதையை ஒருவர் அடித்துவிட்டார். எல்லோரும் இரண்டாம் இடத்திலாவது வைத்திருந்தது, வணிகம் நொடித்துப்போன ஒரு துறைமுக ஊரில் அங்கேயே வாழும் சிலரைப் பற்றிய கரு. அதையே எடுத்துக்கொண்டோம். ஒரு கேம்பெயின் மாதக்கணக்கில் ஓட வேண்டியது. இருவர் உற்சாகமாகவும் ஒருவர் சகித்துக்கொண்டும் உட்கார்ந்திருக்கும் மேசையைவிட, நால்வரும் நிறைவாக உட்காரும் மேசைதான் நெடுநாள் தாங்கும் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

விதிமுறைத் தொகுப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் நீண்ட விவாதம் நடந்தது. அதுவரை நாங்கள் ஆடியது இருபது முகப் பகடையை அடிப்படையாகக் கொண்ட ஆட்டம். அதில் ஒவ்வோர் எண்ணும் விழ 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 1 விழுவதும் 20 விழுவதும் 11 விழுவதும் ஒரே அளவு சாத்தியம். அதனால் தேர்ந்த வீரரும் எதிர்பாராமல் சறுக்குவார், புதியவரும் திடீரென்று சாதிப்பார். அந்தத் துள்ளல் சிலருக்கு மிகவும் பிடிக்கும். சண்டையில் எல்லோரும் வரிசைப்படி முறை எடுப்பதால், ஆட்டக்காரர்கள் நால்வரும் எதிரிகள் அறுவருமாகப் பத்துப் பேர் இருக்கும் சண்டையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும், ஒருவருக்கு மறுபடி முறை வர ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். தூக்கம் வருகிறது என்று நான்காமவர் சொன்னதன் கணக்கு இதுதான்.

மாற்றாக நாங்கள் பார்த்தது, வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் உருவாக்கி 2010இல் வெளியான அபோகலிப்ஸ் வேர்ல்டின் வழியில் வந்த ஆட்டங்கள். அவற்றில் ஆறு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் வெற்றி கிடைக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் நிலைமை மோசமாகும். பாத்திரத்தின் திறமைக்காகப் பகடைக் கூட்டலோடு சேரும் கூடுதல் புள்ளி எதுவும் இல்லாதபோது முழு வெற்றிக்கு 17 சதவீதமும் மற்ற இரண்டுக்கும் தலா 42 சதவீதமும் வாய்ப்பு. ஒரே ஒரு புள்ளி சேர்ந்தால் இது 28, 44, 28 என்று மாறிவிடும். ஓரளவு திறமையிருந்தாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு விலையோடுதான் காரியம் நடக்கும் என்பதே இந்தக் கணக்கின் பொருள். நொடித்துப்போன ஊரில் வாழ்பவர்களின் கதைக்கு அது பொருத்தமாக இருந்தது. முறை வரிசை கிடையாது, கேம் மாஸ்டர் பகடையே உருட்டுவதில்லை என்ற இரண்டும் நான்காமவரின் குறைக்கு நேரடி மருந்தாக அமைந்தன.

பாலத்தை அறுத்தவருக்கு இதில் மனக்குறை இருந்தது. கட்டம் கட்டமாக இடம் பார்த்து நகர்ந்து, எதிரியை வளைத்துப் பிடிப்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. அவர் அதை வெளிப்படையாகச் சொன்னது நல்லதாயிற்று. பெரிய சண்டைகள் வரும்போது தாளில் இடத்தை வரைந்து யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது, முன்கூட்டித் திட்டம் போட்டிருந்தால் அதற்குக் கூடுதல் புள்ளி தருவது என்ற இரண்டு ஏற்பாடுகளை அவரே முன்வைத்தார். அவர் எதிர்பார்த்த அத்தனையும் அதில் கிடைக்கவில்லை. ஆனால் தனக்கு எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டே அவர் ஆட்டத்துக்குள் வந்தார்.

செஷன் ஜீரோ அன்று முதல் வேலையாக ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்தேன். இந்த ஆட்டத்தில் வரவே கூடாதவற்றையும், வரலாம் ஆனால் விவரிக்காமல் கடந்துவிட வேண்டியவற்றையும் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். ரான் எட்வர்ட்ஸ் முன்வைத்த முறை இது; முதலாவதைக் கோடு என்றும் இரண்டாவதைத் திரை என்றும் சொல்வார்கள். நானும் ஒரு சீட்டு எழுதினேன். கேம் மாஸ்டருக்கும் எல்லைகள் உண்டு என்பதை மற்றவர்கள் பார்த்தால்தான் அவர்களும் கூச்சமில்லாமல் எழுதுவார்கள். சீட்டுகளைக் கலைத்துப் பிரித்தபோது ஒன்றில் ஒரே ஒரு சொல் இருந்தது: மூழ்குதல்.

நாங்கள் ஆடவிருந்ததோ துறைமுக ஊர். என் மனதில் ஏற்கெனவே ஒரு கப்பல் விபத்தும் ஒரு வெள்ளமும் இருந்தன. யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. காரணம் கேட்கத் தொடங்கினால் அந்தச் சீட்டு விண்ணப்பமாகிவிடும், அதை ஏற்பதும் மறுப்பதும் என் கையில் இருப்பதுபோல் ஆகிவிடும். கடல் வேண்டாம் என்று மாற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் பொதுவாகக் கேட்டேன். கடல் இருக்கட்டும், யாரும் நீரில் மூழ்கிச் சாகிற காட்சி மட்டும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் தலையசைத்தார்கள். கப்பல் விபத்து தீ விபத்தானது, வெள்ளம் நீங்கியது. என் திட்டத்துக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை. இதையே ஐந்தாவது செஷனில், கதையின் உச்சத்தில் தெரிந்துகொண்டிருந்தால் ஒருவரைக் காயப்படுத்திய பிறகு தெரிந்துகொண்டிருப்பேன்.

அதோடு, ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையையும் மேசை நடுவில் வைத்தோம். எக்ஸ் என்று எழுதிய சாதாரண அட்டைதான். யாராவது அதைத் தொட்டால், நடந்துகொண்டிருக்கும் விஷயத்தைக் கேள்வி கேட்காமல் நீக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். அது பயன்பட்டது ஒரே ஒருமுறை. மூன்றாவது செஷனில் படகில் நடந்த கைகலப்பில், பேச்சு வேகத்தில், "அவன் தண்ணிக்குள்ள விழுறான், மேல வர முடியல" என்று நான் சொல்லிவிட்டேன். சீட்டு எனக்கு அந்த நொடியில் நினைவில் இல்லை. ஒரு கை நீண்டு அட்டையின் ஓரத்தைத் தொட்டது. "மன்னிக்கணும். அவன் விழல, கயித்தைப் பிடிச்சுத் தொங்குறான்" என்று மாற்றினேன். பத்து நொடிகூட ஆகவில்லை. அடுத்தவர் தன் பாத்திரம் கயிற்றை நோக்கி ஓடுவதாகச் சொன்னார், ஆட்டம் தொடர்ந்தது. முன்பே பேசி வைத்திருந்ததால்தான் அது அவ்வளவு எளிதாக முடிந்தது.

சீட்டுகளை எடுத்து வைத்த பிறகு மேசையில் ஒரு பெரிய வெற்றுத்தாளை விரித்தேன். கடற்கரைக் கோட்டை மட்டும் நான் வரைந்தேன். அதற்குப் பிறகு சுற்று முறையில் ஒவ்வொருவரும் ஓர் இடத்தை வரைய வேண்டும், அந்த இடத்தைப் பற்றி ஊரார் பேசிக்கொள்ளும் ஒரு வதந்தியைச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கக் கூடாது; கேள்வி கேட்கலாம். பேரம் பேசியவர் இரவில் மட்டும் திறக்கும் ஒரு சந்தையை வரைந்தார். பாலத்தை அறுத்தவர் பாதி கட்டி நின்றுபோன மதில்சுவரை வரைந்தார். தங்கையைக் கற்பனை செய்தவர் கலங்கரை விளக்கத்தையும், அதில் தனியாக வாழும் ஒரு பெண்ணையும் கொண்டுவந்தார்.

நான்காமவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் காத்திருப்பது அவருக்குச் சங்கடத்தைக் கூட்டியது. இங்கே நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்: எல்லோருக்கும் கற்பனை செய்து சொல்வது பிடிக்கும் என்று எண்ணிவிட்டேன். சிலருக்கு வெற்றிடத்தைக் காட்டி நிரப்பச் சொல்வது பரீட்சைபோல் இருக்கும். அவரிடம், "கோபுரம் ஒண்ணு இருக்கு. அது இடிஞ்சு கிடக்கா, இல்ல முழுசா இருந்தும் யாரும் பயன்படுத்தலையா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டேன். அவர் உடனே, முழுசாக இருக்கிறது, ஆனால் மணி இல்லை என்றார். மணிக்கூண்டை வரைந்து, மணி தொங்க வேண்டிய இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார். "மணியை யார் எடுத்தாங்க?" என்று பேரக்காரர் கேட்டார். "தெரியாது. ஆனா ஊர்ல யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க" என்றார் அவர். மேசையில் இருந்த அனைவரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஊருக்கென்று நான் யோசித்து வைத்திருந்த மர்மத்தை அந்த இடத்திலேயே கைவிட்டேன். கேம்பெயினின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

கதாபாத்திரங்களையும் அந்த மேசையிலேயே சேர்ந்து உருவாக்கினோம். முதல் கேம்பெயினில் அவரவர் வீட்டில் தனியாக உருவாக்கிக்கொண்டு வந்ததால், யாரையும் நம்பாத மூன்று தனியாட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஏன் சேர்ந்து பயணிக்கிறார்கள் என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் பாரம் ஒவ்வொரு வாரமும் என் தலையில் விழுந்தது. இம்முறை ஒவ்வொருவரும் தன் இடப்பக்கம் இருப்பவரின் பாத்திரத்துக்குத் தான் எதற்காகக் கடன்பட்டிருக்கிறேன் என்றும், வலப்பக்கம் இருப்பவரிடம் எதை மறைக்கிறேன் என்றும் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். குழுவாக இருப்பதற்கான காரணத்தை ஆட்டக்காரர்களே ஏற்படுத்திக்கொண்டால், கஷ்டமான கட்டங்களில் அதைக் காப்பாற்றுவதும் அவர்களே.

நேரம் பற்றிப் பேசுவது சலிப்பூட்டும், ஆனால் கேம்பெயின்கள் பெரும்பாலும் சாவது அங்கேதான். ஒவ்வொருவரும் பத்துக்கு ஒன்பது தடவை வரக்கூடியவர்கள் என்று வைத்தாலும், என்னையும் சேர்த்து ஐந்து பேரும் ஒருசேர வர வாய்ப்பு 59 சதவீதம் மட்டுமே. எல்லோரும் வந்தால்தான் ஆட்டம் என்று வைத்தால் ஐந்தில் இரண்டு செஷன் ரத்தாகும்; இரண்டு முறை அடுத்தடுத்து ரத்தானால் மூன்றாவது முறை யாருக்கும் ஆவல் இருக்காது. ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மணி நேரம், மூன்று ஆட்டக்காரர்கள் வந்தால் ஆட்டம் உண்டு என்று முடிவு செய்தோம். வராதவரின் பாத்திரம் ஊரில் வேறு வேலையாக இருக்கும், அதற்கு எந்தத் தீங்கும் நேராது. பன்னிரண்டு செஷனில் ஒரு முடிவு, அதன் பிறகு தொடர்வதா என்பதைப் பேசிக்கொள்ளலாம் என்று எல்லை வகுத்தோம். முடிவு தேதி தெரிந்ததும் வருகை கூடியது எனக்கு வியப்பாக இருந்தது.

இப்போது செஷனுக்கு நான் தயாரிப்பது ஒரு பக்கம். யார் யாருக்கு என்ன வேண்டும், ஆட்டக்காரர்கள் குறுக்கிடாவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் எழுதுகிறேன். ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று எழுதுவதில்லை. மணியின் மர்மத்துக்கு ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய மூன்று தடய விதி மிகவும் கைகொடுத்தது: ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்களாவது வைக்க வேண்டும். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், இன்னொன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். எங்கள் மேசையில் அது எழுத்துப் பிசகாமல் நடந்தது. இரவுச் சந்தையில் விலைக்கு வந்த வெண்கலத் துண்டை விட்டுவிட்டார்கள். மதில்சுவரில் இருந்த சக்கரத் தடத்தை வேறு ஏதோ கடத்தல் என்று எண்ணினார்கள். கலங்கரை விளக்கத்துப் பெண் காது கேளாதவள்போல் நடிப்பதைக் கவனித்தவர் நான்காமவர்.

நான்காவது செஷன் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி, எது போதவில்லை, எது அதிகம் என்று கேட்டேன். சந்தைக் காட்சிகள் நீள்கின்றன என்று இருவர் சொன்னார்கள். பேரக்காரருக்கு அது வருத்தமளித்தாலும், பேரத்துக்கு ஒரு செஷனில் ஒரு காட்சி என்று ஒப்புக்கொண்டார். தேர்ந்தெடுத்த விதிமுறையும் ஊரும் ஒருநாள் பேசி முடிக்கும் விஷயங்கள் அல்ல, ஆடும்போதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டியவை என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

பன்னிரண்டு செஷனும் நடந்தன. மணி கிடைத்தது, அதை மீண்டும் கூண்டில் கட்டுவதா என்பதில் பாத்திரங்கள் நால்வரும் இரண்டாகப் பிரிந்தார்கள், அந்த வாக்குவாதத்தில் நான் ஒரு சொல்கூடப் பேச வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஆறு செஷன் தொடரலாம் என்று எல்லோரும் விரும்பியதால், கடந்த வாரம் சீட்டுகளை முதலிலிருந்து எழுதினோம். மூழ்குதல் என்ற சொல் இம்முறையும் இருந்தது. வேறொரு கையெழுத்தில், முன்பு இல்லாத இன்னொரு சொல்லும் இருந்தது: மருத்துவமனை. நோயுற்ற முதியவர் ஒருவரை வைத்து அடுத்த பகுதிக்கு நான் எழுதியிருந்த அரைப் பக்கத்தை அடித்துவிட்டு, வெற்றுத்தாளை மறுபடி மேசையில் விரித்தேன்.